கடைசிச் சொல் யாருடையது?

நண்பர்கள் கூடித் தொடங்கும் கம்பெனிகளில் தகராறு ஏன் வருகிறது?

2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் 17-ந் தேதி. வெள்ளிக்கிழமை.

அமெரிக்காவில் உள்ள லாஸ் வேகாஸ் நகரில் கார் பந்தய விழா நடந்துகொண்டிருந்தது. சாம் ஆல்ட்மன் என்பவர் அங்கே போயிருந்தார். அவருக்கு வயது 38. "ஓப்பன் ஏ.ஐ." என்ற கம்பெனியின் தலைமை அதிகாரி அவர். கேள்வி கேட்டால் மனிதனைப்போலப் பதில் எழுதித் தருகிறதே "சாட்ஜிபிடி", அதை உண்டாக்கிய கம்பெனி அது.

நண்பகல் நேரம். கம்ப்யூட்டர் வழியாக ஒரு கூட்டத்துக்கு வரும்படி ஆல்ட்மனுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவர் போய் உட்கார்ந்தார். திரையில் டைரக்டர்களின் முகம் தெரிந்தது.

"உங்களைப் பதவியில் இருந்து நீக்கிவிட்டோம்" என்றார்கள்!

சொன்னவர் யாரோ அன்னியர் அல்ல. அவரோடு சேர்ந்து அந்தக் கம்பெனியைத் தொடங்கிய இல்யா சுட்ஸ்கெவர் என்ற விஞ்ஞானி. அவரும் ஒரு டைரக்டர்.

இன்னொரு கூட்டாளியான கிரெக் பிராக்மன் டைரக்டர்கள் சபைக்குத் தலைவர். அந்தக் கூட்டத்துக்கு அவரை அழைக்கவே இல்லை. தலைவர் பதவியில் இருந்து அவரையும் இறக்கிவிட்டார்கள். அன்றே அவர் வேலையை விட்டு விலகினார்.

"ஆல்ட்மன் எங்களிடம் எல்லாவற்றையும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லவில்லை" என்பது டைரக்டர்கள் கூறிய காரணம்.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை.

கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் சுமார் 770 பேர். அவர்களில் 700 பேருக்கு மேல் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். "ஆல்ட்மனைத் திரும்ப அழையுங்கள். டைரக்டர்கள் விலகவேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் வெளியேறுவோம்" என்றார்கள். நீக்கும்போது உடன் இருந்த சுட்ஸ்கெவரும் அதில் கையெழுத்துப் போட்டார்! "செய்ததற்கு வருந்துகிறேன்" என்றும் அறிவித்தார்.

ஐந்தே நாளில் ஆல்ட்மன் திரும்பி வந்தார். அவரை நீக்கிய நான்கு டைரக்டர்களில் மூன்று பேர் சபையை விட்டுப் போனார்கள்.

இப்போது ஒரு கேள்வி. அந்தக் கம்பெனியில் கடைசிச் சொல் யாருடையது?

டைரக்டர்களுடையதா? அவர்கள் சொன்னது நிற்கவில்லை. பணம் போட்டவருடையதா? பல நூறு கோடி டாலர் போட்ட மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு அந்தச் சபையில் ஓர் இடம்கூட அன்று இல்லை. ஆல்ட்மனுடையதா? கம்பெனியில் தமக்குப் பங்கே கிடையாது என்று அவரே கூறியிருந்தார்.

கம்பெனியின் விதிகளைப் பார்த்தால் விடை எளிது. 2015-ம் ஆண்டில் லாப நோக்கம் இல்லாத அமைப்பாக அது தொடங்கப்பட்டது. 2019-ம் ஆண்டில் லாபம் சம்பாதிக்கும் ஒரு கிளையைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் மேலே அதிகாரம் டைரக்டர்கள் சபைக்கே. ஆனால் காகிதத்தில் இருந்த அதிகாரம் ஓர் இடம். ஊழியர்கள் நம்பிய மனிதர் வேறு இடம். இரண்டும் மோதின. காகிதம் தோற்றது.

புதுக் கம்பெனிகள்

இது ஏதோ அமெரிக்காவில் நடந்த பணக்காரர் சண்டை என்று தள்ளிவிடக் கூடாது.

நம் நாட்டில் "ஸ்டார்ட்-அப்" என்று சொல்லப்படும் புதுக் கம்பெனிகள் பெருகி வருகின்றன. புதிய யோசனை ஒன்றை வைத்துக்கொண்டு, வேகமாக வளர நினைத்துத் தொடங்கப்படும் தொழில்களுக்கு அந்தப் பெயர். இவற்றுக்கு உதவ மத்திய சர்க்கார் 2016-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற கம்பெனிகளின் எண்ணிக்கை 2025-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இவற்றில் பலவற்றை ஒருவர் தனியாகத் தொடங்குவதில்லை. இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து தொடங்குகிறார்கள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர்கள். அண்ணன் தம்பிகள். கணவன் மனைவி.

அவர்களிடம் யோசனை இருக்கிறது. உழைப்பு இருக்கிறது. நட்பும் இருக்கிறது. "நமக்குள் என்ன எழுத்து? எல்லாம் சரிபாதி" என்று சொல்லிக் கைகுலுக்கிக் கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் நோம் வாசர்மன் என்ற பேராசிரியர், கம்பெனி தொடங்கியவர்கள் ஏறத்தாழ 10 ஆயிரம் பேரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார். 2012-ம் ஆண்டில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். கூட்டாளிகளில் பெரும்பாலோர் கம்பெனி தொடங்கிய ஒரு மாதத்துக்குள்ளேயே பங்கைப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று அவர் கண்டார். யார் எவ்வளவு உழைப்பார், யார் நிலைத்து நிற்பார் என்று தெரியும் முன்பே பிரிவினை முடிந்துவிடுகிறது!

அப்படிப் பிரிக்கும்போதும், "லாபத்தில் உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு" என்றுதான் பேசுகிறார்கள். "நாம் இருவரும் இரண்டு விதமாக நினைத்தால் யார் சொன்னபடி நடப்பது?" என்று பலர் பேசுவதில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் நட்புக் கெட்டுவிடுமோ என்று கூச்சப்படுகிறார்கள்.

மளிகைக் கடையில் இரண்டு பேர்

இதை விளங்கிக்கொள்ள ஒரு மளிகைக் கடையை நினைத்துப் பார்க்கலாம்.

அண்ணனும் தம்பியும் சமபங்கு போட்டுக் கடை வைக்கிறார்கள். அண்ணன் கல்லாவில் இருக்கும்போது வாடிக்கைக்காரருக்குக் கடன் கொடுக்கிறார். தம்பி உட்கார்ந்தால் கடன் இல்லை என்கிறார். காலையில் வந்தவருக்கு அரிசி கிடைக்கிறது. மாலையில் வந்தவருக்குக் கிடைக்கவில்லை.

வாடிக்கைக்காரர் என்ன செய்வார்? அண்ணன் இருக்கும் நேரம் பார்த்து வருவார். கடைப் பையன் என்ன செய்வான்? யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் விழிப்பான். கொஞ்ச நாளில் அண்ணன் ஆள், தம்பி ஆள் என்று கடையே இரண்டாகிவிடும்.

கடன் கொடுப்பது சரியா, தவறா என்பது வேறு விஷயம். இரண்டில் எதைச் செய்தாலும் கடை நடக்கும். இரண்டையும் செய்தால் நடக்காது!

புதுக் கம்பெனியிலும் இதே கதைதான். ஒரு கூட்டாளி "இன்னும் பத்துப் பேரை வேலைக்கு எடு" என்கிறார். மற்றவர் "ஆள் எடுப்பதை நிறுத்து" என்கிறார். ஒருவர் வெளியாரிடம் முதல் வாங்கலாம் என்கிறார். மற்றவர் கூடாது என்கிறார். ஊழியர்களுக்கு இரண்டு உத்தரவு வருகிறது. முடிவு தள்ளிப் போகிறது. கையில் இருந்த பணம் கரைகிறது. கடைசியில் சம்பளம் நிற்கிறது. சண்டை போட்டவர்கள் இரண்டு பேர். அடுப்பு எரியாதது இருபது வீட்டில்!

மூன்றாவது ஆள்

இந்தத் தொல்லையை முன்கூட்டியே நினைத்துப் பார்த்த கூட்டாளிகளும் உண்டு. உலகப் புகழ்பெற்ற "ஆப்பிள்" கம்பெனியே அதற்கு உதாரணம்.

1976-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ந் தேதி மூன்று பேர் அதைத் தொடங்கினார்கள். ஸ்டீவ் ஜாப்சுக்கு வயது 21. ஸ்டீவ் வாஸ்னியாக்குக்கு 25. ரொனால்ட் வேய்ன் மூத்தவர். நாற்பதைத் தாண்டியவர்.

இளைஞர்கள் இருவருக்கும் 100-க்கு 45 பங்கு வீதம். வேய்னுக்கு 10 பங்கு. அந்தப் பத்துப் பங்கு எதற்காக? இளைஞர்கள் இருவரும் இரண்டு பக்கம் நின்றால், வேய்ன் எந்தப் பக்கம் சேருகிறாரோ அந்தப் பக்கம் முடிவு. அதற்காகத்தான். ஒப்பந்தத்தை எழுதியவரும் அவரே.

நல்ல ஏற்பாடு. ஆனால் நீடிக்கவில்லை. 12 நாளில் வேய்ன் விலகிவிட்டார்!

அவர் பயந்தது நியாயமே. அவர்கள் பதிவு செய்திருந்தது கூட்டு வியாபாரம். அதில் ஒரு கூட்டாளி கடன் வாங்கினால் மற்றவர்களின் சொந்தச் சொத்தும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. முதல் ஆர்டருக்குச் சாமான் வாங்க ஜாப்ஸ் கடன் வைத்தார். கடன்காரர்கள் வந்தால் இளைஞர்களிடம் எடுத்துப்போக ஒன்றும் இல்லை. வேய்னிடம்தான் இருந்தது. 800 டாலர் பெற்றுக்கொண்டு அவர் பங்கை விட்டார். பிறகு உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்க இன்னும் 1,500 டாலர் பெற்றார். அந்த ஆப்பிள் கம்பெனியின் மதிப்பு பிற்காலத்தில் 3 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது!

அடுத்த ஆண்டில் அது முறையான கம்பெனியாகப் பதிவாயிற்று. முதல் போட்டவர் வந்தார். சம்பளத்துக்கு நிர்வாகி வந்தார். பிறகு பொதுமக்களுக்குப் பங்கு விற்றார்கள். கம்பெனி பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஆனால் ஜாப்ஸ் மனத்தில் மட்டும் "இது என் கம்பெனி" என்ற எண்ணம் மாறவில்லை.

1983-ம் ஆண்டில் "பெப்சி" கம்பெனியில் இருந்த ஜான் ஸ்கல்லியைத் தலைமை அதிகாரியாக அழைத்துவந்தவர் ஜாப்ஸ்தான். இரண்டே ஆண்டில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. 1985-ம் ஆண்டு மே மாதத்தில் விவகாரம் டைரக்டர்களிடம் போயிற்று. டைரக்டர்கள் ஸ்கல்லி பக்கம் நின்றார்கள். ஜாப்சின் அதிகாரம் பறிபோயிற்று. செப்டம்பரில் அவர் வெளியேறினார்.

கம்பெனியைத் தொடங்கியவர் அவர். ஆனாலும் அப்போது அவரிடம் இருந்த பங்கு 100-க்கு சுமார் 11 தான். தொடங்கிய பெருமை வேறு. ஓட்டு வேறு. 1997-ம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனி நலிந்திருந்தபோது அவரையே திரும்பக் கூப்பிட்டுத் தலைமையைக் கொடுத்தார்கள் என்பது பின்கதை.

பங்கு சமம், அதிகாரம் சமமா?

நம் நாட்டில் நடந்த ஒன்றைப் பார்க்கலாம்.

"இண்டிகோ" விமானக் கம்பெனியைத் தெரியாதவர் இல்லை. அதைத் தொடங்கியவர்கள் இருவர். ராகுல் பாட்டியா டெல்லியில் தொழில் செய்தவர். ராகேஷ் கங்வால் அமெரிக்காவில் பெரிய விமானக் கம்பெனிக்குத் தலைமை வகித்தவர். இருவரும் நெடுநாள் நண்பர்கள். 2005-ம் ஆண்டில், சொந்தமாக ஒரு விமானம்கூட இல்லாதபோதே, 100 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து உலகத்தை வியக்கவைத்தார்கள். 2006-ம் ஆண்டு ஆகஸ்டில் முதல் விமானம் பறந்தது.

13 ஆண்டு கழித்து, 2019-ல், உள்நாட்டில் விமானம் ஏறும் பயணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இண்டிகோவில் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தகராறு வெளியே வந்தது.

பாட்டியா தரப்புக்கு 100-க்கு சுமார் 38 பங்கு. கங்வால் தரப்புக்கு சுமார் 37. கிட்டத்தட்டச் சமம்.

ஆனால் அதிகாரம்? இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அதை வேறுவிதமாகப் பிரித்திருந்தது. தலைவர், நிர்வாக டைரக்டர், தலைமை அதிகாரி ஆகியோரை நியமிக்கும் உரிமை பாட்டியா தரப்புக்கு. சபைக்கு அவர்கள் மூன்று டைரக்டர்களை அனுப்பலாம். கங்வால் தரப்பு அனுப்பக்கூடியது ஒருவரை!

2019-ம் ஆண்டு ஜூலையில், பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் "செபி" அமைப்புக்கு கங்வால் கடிதம் எழுதினார். பாட்டியாவின் மற்றத் தொழில்களோடு இண்டிகோ நடத்தும் கொடுக்கல் வாங்கல்கள் சரியாகக் கவனிக்கப்படவில்லை என்று குறை கூறினார். வெற்றிலை பாக்குக் கடைகூட இதைவிட நயமாகக் காரியங்களைக் கவனித்திருக்கும் என்றும் எழுதினார்.

பாட்டியா தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. ஆரம்பத்தில் பெரிய பணச் சுமையைத் தாங்கியது தாங்களே என்றும், அதனால்தான் ஒப்பந்தம் அப்படி அமைந்தது என்றும் அவர்கள் கூறினார்கள்.

இருவரில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். அந்த ஒப்பந்தத்தை இருவரும் தெரிந்தேதான் எழுதினார்கள். தொடங்கிய காலத்தில் அது பொருத்தமாகவே இருந்திருக்கலாம். கம்பெனி வளர்ந்தது. காலம் மாறியது. காகிதம் மட்டும் மாறவில்லை.

விவகாரம் லண்டன் மத்தியஸ்தர்கள் வரை போயிற்று. பங்கை வெளியாருக்கு விற்பதற்குத் தடையாக இருந்த விதிகளை நீக்கும்படி கங்வால் கேட்டார். 2020-ம் ஆண்டு ஜனவரியில் நடந்த பங்குக்காரர் கூட்டத்தில் அது தோற்றது. 2021-ம் ஆண்டு டிசம்பரில்தான் விதிகள் நீக்கப்பட்டன. 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் கங்வால் டைரக்டர் பதவியை விட்டு விலகினார். பங்குகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்வதாக அறிவித்து, அப்படியே விற்கத் தொடங்கினார்.

கதவைத் திறக்கவே இரண்டரை ஆண்டு! இத்தனைக்கும் கம்பெனி பெரியது. விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. சம்பளம் நிற்கவில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் சிறு கம்பெனியில் இரண்டரை ஆண்டு தகராறு நடந்தால், பிரித்துக்கொள்ள என்ன மிஞ்சும்?

நான்கு மணி நேர மௌனம்

எல்லாக் கூட்டும் இப்படி முடிவதில்லை. "இன்போசிஸ்" கதையைப் பார்க்கலாம்.

1981-ம் ஆண்டில் ஏழு பேர் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். முதல் 10 ஆயிரம் ரூபாய். நாராயண மூர்த்தியின் மனைவி சுதா மூர்த்தி சேமித்து வைத்திருந்து கொடுத்த பணம் அது. ஏழு பேர் இருந்தும், தலைமை யாருக்கு என்பதில் சந்தேகம் இல்லை. மூர்த்திதான் தலைவர்.

1990-ம் ஆண்டில் ஒரு சோதனை வந்தது. "கம்பெனியைக் கொடுத்துவிடுங்கள். 10 லட்சம் டாலர் தருகிறோம்" என்று ஒருவர் கேட்டார்கள். ஒன்பது ஆண்டு பாடுபட்டும் கூட்டாளிகள் கையில் பெரிய பணம் கண்டதில்லை. பெங்களூரில் இருந்த சிறிய ஆபீசில் ஐந்து கூட்டாளிகள் கூடினார்கள். விற்றுவிடலாம் என்ற எண்ணம் பலமாக இருந்தது.

சுமார் நான்கு மணி நேரம் பேச்சு நடந்தது. மூர்த்தி வாய் திறக்கவில்லை. எல்லாரும் பேசட்டும் என்று விட்டார். கடைசியாகப் பேசினார். "விற்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் பங்குகளை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றார். அவர் கையில் அதற்குப் பணம் இல்லை!

மற்றவர்கள் திகைத்துப் போனார்கள். மேலும் ஒரு மணி நேரம் பேச்சு. மனம் மாறினார்கள். கம்பெனி விற்கப்படவில்லை. இதை மூர்த்தியே பிற்காலத்தில் ஒரு கல்லூரி மேடையில் விவரித்தார்.

அங்கே இரண்டு காரியம் நடந்தது. எல்லாருடைய பேச்சும் காதில் விழுந்தது. அதோடு, பேச்சை முடிவுக்குக் கொண்டுவர ஒருவர் இருந்தார். பிடிக்காதவர் வெளியேற வழியும் வைத்தார்.

பிறகு தலைமைப் பதவி ஒருவர் பின் ஒருவராகப் போயிற்று. 2002-ம் ஆண்டில் நந்தன் நீலேகணி. 2007-ல் கிருஷ் கோபாலகிருஷ்ணன். 2011-ல் சிபுலால். ஒரு நேரத்தில் தலைமை அதிகாரி ஒருவரே.

அதே இன்போசிசிலும் பின்னால் உரசல் வந்தது. 2014-ம் ஆண்டில் வெளியாரான விஷால் சிக்கா தலைமை அதிகாரி ஆனார். மூர்த்தி பதவியில் இல்லை. ஆனால் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. நிர்வாகத்தை அவர் வெளிப்படையாகக் குறை கூறினார். 2017-ம் ஆண்டு ஆகஸ்டில் சிக்கா ராஜினாமா செய்தார். பதவி ஒருவரிடம், செல்வாக்கு இன்னொருவரிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

மூன்று சாவிகள்

இந்த நான்கு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும்.

ஒரு கம்பெனியில் மூன்று விதமான பலம் இருக்கிறது. ஒன்று, பங்கு. இரண்டாவது, பதவி. மூன்றாவது, செல்வாக்கு. ஒருவர் கையில் பங்கு இருக்கும். இன்னொருவர் கையில் பதவி இருக்கும். ஊழியர்கள் மூன்றாமவர் பேச்சைக் கேட்பார்கள். கம்பெனி சிறிதாக இருக்கும்வரை இது தெரியாது. பணம் வரும்போதோ, கஷ்டம் வரும்போதோ, மூன்றும் மோதிக்கொள்ளும்.

"சரிபாதி" என்று சொல்லும்போது நண்பர்கள் பங்கைத்தான் பிரிக்கிறார்கள். மற்ற இரண்டையும் பிரிக்காமல் விட்டுவிடுகிறார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பழமொழி. நண்பர்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டாளிகள் ஒன்றும் எழுதாவிட்டால், சட்டம் எழுதி வைத்திருப்பதுதான் நடக்கும்.

கூட்டு வியாபாரத்துக்கு 1932-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அன்றாடக் காரியங்களில் கூட்டாளிகளுக்குள் வேற்றுமை வந்தால், அதிகம் பேர் சொல்வதே முடிவு. முடிவு செய்யுமுன் ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு. தொழிலையே மாற்றுவதானால் எல்லாரும் சம்மதிக்கவேண்டும்.

கூட்டாளி இரண்டே பேர் என்றால்? "அதிகம் பேர்" என்பதே கிடையாது. ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். வண்டி நடுரோட்டில் நிற்கவேண்டியதுதான்.

கம்பெனிகளுக்கு 2013-ம் ஆண்டுச் சட்டம். பங்குக்காரர் கூட்டத்தில் சாதாரணத் தீர்மானம் நிறைவேறப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். கம்பெனியின் விதிகளை மாற்றுவது போன்ற பெரிய காரியங்களுக்கு நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். ஆகவே 50-க்கு 50 வைத்திருக்கும் இருவரில் ஒருவர் மறுத்தாலும் சாதாரணத் தீர்மானமே நிறைவேறாது. 100-க்கு 25-க்கு மேல் ஓட்டு வைத்திருப்பவர் பெரிய தீர்மானங்களைத் தடுக்கலாம். பாதிக்கு மேல் ஓட்டு உள்ளவர்கள், உரிய நோட்டீஸ் கொடுத்து, ஒரு டைரக்டரை நீக்கவும் முடியும். "நான் தொடங்கியவன்" என்பது அங்கே செல்லாது.

தகராறு முற்றினால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வழி இருக்கிறது. ஆனால் வழக்கு முடியும்வரை வாடிக்கைக்காரர் காத்திருக்கமாட்டார்.

என்ன எழுதவேண்டும்?

தொடங்கும் நாளிலேயே, சிரித்த முகத்தோடு இருக்கும்போதே, சில விஷயங்களை எழுதிக்கொள்வது நல்லது.

1. யார் யாருக்கு எந்தப் பொறுப்பு? ஒருவருக்குச் சரக்கு, ஒருவருக்கு விற்பனை, ஒருவருக்குக் கணக்கு என்று பிரிக்கவேண்டும். அவரவர் பொறுப்பில் அவரவர் சொல்லே முடிவு. மற்றவர் யோசனை சொல்லலாம். உத்தரவு போடக்கூடாது.

2. எல்லாரும் சம்மதிக்கவேண்டிய காரியங்கள் எவை? பெரிய கடன் வாங்குவது, வெளியாரைப் பங்குக்குச் சேர்ப்பது, கம்பெனியை விற்பது போன்ற சிலவற்றை மட்டும் இதில் சேர்க்கவேண்டும். பட்டியல் நீண்டால் ஒரு காரியமும் நடக்காது.

3. மற்றவற்றில் ஒத்துவராவிட்டால் யார் சொல் நிற்கும்? தலைமை அதிகாரி ஒருவர் என்று பெயர் போட்டு எழுதவேண்டும். அல்லது இருவரும் மதிக்கும் மூன்றாவது ஆள் ஒருவரைக் குறிப்பிடவேண்டும். அந்த மூன்றாவது ஆள் விலகினால் அடுத்தவர் யார் என்பதும் வேண்டும். ஆப்பிள் கதை அதற்குப் பாடம்.

4. நடுவில் போகிறவர் பங்கு என்ன ஆகும்? முழுப் பங்கையும் முதல் நாளே கொடுத்துவிடாமல், நான்கு ஆண்டு போல உழைக்க உழைக்கக் கொடுப்பது இப்போது பல புதுக் கம்பெனிகளில் வழக்கம். ஆறு மாதத்தில் விலகியவர் பாதிக் கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் சங்கடம் அப்போது வராது.

5. பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவது? யார் யாருடைய பங்கை வாங்குவது, விலையை யார் மதிப்பிடுவது என்று இருக்கவேண்டும். வெளியேறக் கதவு இருக்கும் வீட்டில்தான் உள்ளே நிம்மதி இருக்கும்.

6. மேலே சொன்னவற்றை எப்போது திரும்பப் பார்ப்பது? ஆண்டுக்கு ஒரு முறையும், புதிதாக முதல் வரும்போதும் எடுத்துப் பார்த்துத் திருத்தவேண்டும். அன்று பொருந்திய சட்டை இன்று பொருந்தாது.

எழுதியதை ஒரு வக்கீலிடம் காட்டிவிடவேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தால், எழுதியவை கம்பெனியின் விதிகளிலும் இடம்பெறவேண்டும். நண்பர்கள் தனியே வைத்திருக்கும் காகிதம் ஒன்றும், கம்பெனி விதி வேறொன்றும் சொன்னால் அதுவே புதுத் தகராறுக்கு வித்து.

எழுதிவிட்டால் சண்டையே வராது என்பதில்லை. இண்டிகோவிலும் எழுத்து இருந்தது. ஓப்பன் ஏ.ஐ.யிலும் இருந்தது. ஆனால் எழுத உட்காரும்போதுதான் ஒருவர் மனத்தில் இருப்பது மற்றவருக்குத் தெரிகிறது. "நீ இப்படியா நினைத்திருந்தாய்?" என்று அன்றே கேட்டுவிடலாம். கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கும்போது கேட்பது எளிது. பத்துக் கோடி வந்தபின் கேட்டால் வக்கீல்தான் பதில் சொல்வார்.

வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி

இன்று பல வீடுகளில் பிள்ளை வந்து, "அப்பா, வேலையை விட்டுவிட்டு நண்பர்களோடு கம்பெனி தொடங்கப் போகிறேன்" என்கிறான். மகளும் சொல்கிறாள். அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. அப்பாவின் ஓய்வுப் பணம் முதலாகிறது.

அப்போது பெற்றோர் கேட்பது, "எவ்வளவு முதல்? எவ்வளவு லாபம் வரும்?" என்ற இரண்டு கேள்விதான். நண்பன் நல்லவனா என்றும் கேட்பார்கள். "தங்கமான பையன்" என்று பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கும். மேலே கண்ட கதைகளில் கூட்டுச் சேர்ந்தவர்களும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் சேர்ந்தார்கள்.

ஆகவே மூன்றாவதாக இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும்.

"நீ ஒன்று சொல்லி, அவன் ஒன்று சொன்னால், யார் சொன்னபடி நடக்கும்?"

பிள்ளை பதில் சொல்லத் தயங்கினால், கம்பெனி தொடங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடலாம். நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, காபி கொடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் நடுவில் வைக்கலாம்.

ஒரு வாரம் தாமதமானால் எந்தக் கம்பெனியும் கெட்டுவிடாது. பேசாமல் விட்ட ஒரு பேச்சால் கெட்ட கம்பெனிகள் உண்டு. கெட்ட நட்புகளும் உண்டு.